படத்துக்குப் படம் செத்தவர்

மனிதர்களை முதல் பார்வையிலேயே நம்பிவிடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வந்து இறங்கும் பெட்டிகளைத் திறந்து, வெளியே எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எழுதியிருப்பது ஒன்றும் இருப்பது ஒன்றுமாகப் பார்த்துப் பார்த்து, ஆட்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். "கடவுளே வந்து முன்னாலை நிண்டாலும் நீங்கள் அடையாள அட்டை கேப்பியள்" என்பாள் என் மனைவி.

ஆகவே அம்மா இருந்த முதியோர் இல்லத்தில் அந்த டெனிஷ் கிழவரைக் கண்டதும் எனக்குப் பிடிக்காமல் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லோரும் மென்மையான வீட்டுச் செருப்போடு நடமாடும் இடத்தில் அவர் மட்டும் குதிகால் உயர்ந்த பழைய தோல் சப்பாத்துப் போட்டிருந்தார். எண்பதைத் தாண்டி நன்றாகப் போய்விட்ட வயது. உயரமான, வற்றிய உடம்பு. கோப்பி குடிக்கும் பெரிய அறையில் கதவுக்கு முதுகு காட்டி ஒருநாளும் உட்கார மாட்டார். ஜன்னல் ஓரத்துக் கதிரைதான் அவருடையது. யார் கிட்டே வந்தாலும் முகத்தை மெல்லத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டுவார். அந்தக் கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை ஒரு தழும்பு.

தழும்பு எப்படி வந்தது என்று நானே கேட்டேன். குதிரை உதைத்தது என்றார். ஒரு மாதம் கழித்து, மறந்தவன் மாதிரி மறுபடி கேட்டேன். ஸ்பெயினில் ஒருவன் கத்தியால் கீறினான் என்றார். வேறொருநாள் என் மகளிடம், சண்டைக் காட்சியில் போத்தல் உடைந்தது என்று சொல்லியிருக்கிறார். ஒரு தழும்புக்கு மூன்று கதை சொல்கிற ஆளிடம் ஒரு பெட்டியைக்கூட நான் கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டேன்.

தான் ஒரு சினிமா நடிகன் என்பதுதான் அவருடைய பெரிய கதை. அமெரிக்காக்காரர்களின் கௌபாய் படங்களைப் பார்த்து ஐரோப்பாவில் சொந்தமாக அப்படிப் படம் எடுக்கத் தொடங்கிய ஆரம்ப காலத்தில், ஊரைவிட்டு ஓடிப்போய் ஸ்பெயினின் வறண்ட காட்டில் அந்தப் படங்களில் நடித்தாராம். கதாநாயகன் இல்லை. வில்லனும் இல்லை. வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், பாதிப் படத்திலேயே சுடுபட்டுச் சாகிறவன். "தழும்பு இருக்கிறவன் கடைசிவரை இருக்கக்கூடாது. அது அந்தக் காலத்துச் சட்டம்" என்றார்.

சாவதில் அவர் கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஒரு கிழவியின் பிறந்தநாளுக்குக் கட்டியிருந்த பலூன் ஒன்று படீரென்று வெடித்தது. இவர் நெஞ்சைப் பிடித்தார், கதிரையில் இருந்தபடியே பாதி எழுந்தார், யாரையோ பார்த்து ஒரு வியப்புக் காட்டினார், பிறகு மேசைமேல் சரிந்தார். கையில் இருந்த கோப்பையில் ஒரு துளி கோப்பிகூடச் சிந்தவில்லை. அறையே கைதட்டியது. நான் தட்டவில்லை. இவ்வளவு நேர்த்தியாகப் பொய்ச்சாவு சாகத் தெரிந்தவருக்கு வேறென்ன பொய் தெரியாது என்றுதான் எனக்கு ஓடியது.

என் மகள் அவருடைய பெயரைத் தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். "ஒன்றுமே இல்லை, அப்பா" என்று டெனிஷில் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் டெனிஷில்தான் சொல்வாள். அடுத்த கிழமை நான் அதை அவரிடம் போட்டேன். டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"உன் பெயரில் ஒரு படமும் இல்லையே."

"எப்படி இருக்கும்? டென்மார்க்குக்காரன் நடித்த கௌபாய் படத்துக்கு யார் போவான்? படத்துக்குப் படம் எனக்கு ஒரு அமெரிக்கப் பெயர் வைத்தார்கள். எனக்கே எல்லாம் ஞாபகமில்லை."

"குரல்?"

"அதுவும் என்னுடையது இல்லை. அங்கே ஒவ்வொருவரும் அவரவர் மொழியில்தான் பேசினோம். அவன் இத்தாலியன், இவன் ஸ்பானியன், நான் டெனிஷ். பிறகு யாரோ ஒருவன் ஒலிப்பதிவு அறையில் இருந்து எனக்குக் குரல் கொடுத்தான்."

பெயரும் இல்லை, குரலும் இல்லை. நல்ல வசதியான நடிகர்!

இவற்றையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சிரிக்க முடியாமல் போனது அம்மாவால்தான்.

அம்மாவுக்கு முன்பு கடை, பேருந்து, டொக்டர் என்று சமாளிக்கிற அளவுக்கு டெனிஷ் இருந்தது. மறதி வந்ததும் முதலில் போனது அதுதான். அந்த இல்லத்தில் தமிழ் தெரிந்த பணியாளர் எவரும் இல்லை. அம்மா பேசுவதை நிறுத்தினார். அதற்குப் பின்னால் சாப்பாட்டை நிறுத்தினார். நானும் மனைவியும் வேலை முடிந்த கையோடு மாறிமாறிச் சோறும் சொதியும் கொண்டு ஓடினோம். வாயை இறுக்கி மூடிக்கொள்வார். உடம்பு இப்படியே வற்றினால் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டி வரும், அங்கே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று அங்கிருந்த தாதி நேராகவே சொல்லிவிட்டாள்.

அப்படி இருக்கையில் ஒரு பிற்பகல் நான் போனபோது, ஜன்னலோரம் அம்மாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்! தூரத்தில் நின்று பார்த்தேன். அம்மா தமிழில் ஏதோ சொல்கிறார். முடித்ததும், ஒரு நொடிகூடப் பிந்தாமல், அவர் டெனிஷில் ஏதோ சொல்கிறார். அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறார். ஒருவர் பேச்சில் மற்றவர் விழவே இல்லை. என் வீட்டில் நாங்கள் ஒரே மொழியில் கதைக்கும்போதுகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. மொழி தெரியாத, புத்தி தடுமாறிய ஒரு கிழவியிடம் இந்த ஆளுக்கு என்ன தேவை?

"அம்மா சொல்வது உனக்கு விளங்குகிறதா?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் விளங்காது. எப்போது முடிக்கிறாள் என்று விளங்கும். உதட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதுதான் எங்கள் தொழில்."

"நீ என்ன சொல்கிறாய்?"

"எனக்குத் தெரிந்த வசனங்களை."

அன்று மாலை அம்மா அரைத் தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டார். வீட்டில் வந்து சொன்னேன். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்த மனிசன் நல்லாயிருக்கோணும்."

"நல்லாயிருக்கட்டும். ஆனா ஏன் எண்டு யோசிச்சனீரே?"

"இஞ்சாருங்கோ, மாமி சாப்பிட்டவ. அதுக்கு மேலை என்னத்தை யோசிக்கிறது?"

அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது. அம்மாவின் கையில் ஒரு தங்கக் காப்பு இருந்தது.

அந்தக் காப்பின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது முதலில் ஒரு சோடி. இலங்கையில் எங்கள் ஊரில் இராணுவம் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியபோது, அம்மா ஒன்றை விற்றுத்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுத்து என்னை அனுப்பினார். மற்றது என் அண்ணைக்கு என்று வைத்திருந்தார். அண்ணை வாங்க மறுத்துவிட்டார். அம்மா கழற்றி நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வேண்டாமம்மா, அப்பா செய்து போட்டது, கையிலையே கிடக்கட்டும்" என்றாராம். பிறகு ஒருநாள் காலை மண்ணெண்ணெய் வாங்கப் போனார். எங்களிடம் யாரும் வெளியே போகும்போது 'போறன்' என்று சொல்வதில்லை, 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வோம். அண்ணை அன்று எதுவுமே சொல்லாமல் போனார். வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே குரல் என்று ஊரில் சொல்வார்கள். நான் டென்மார்க்கில் இருந்து முதல் தடவை தொலைபேசியில் கதைத்தபோது, அம்மா ஒரு கணம் அண்ணை என்று நினைத்துக் கத்திவிட்டார். அதன் பிறகு அம்மா அண்ணையின் பெயரை எடுத்ததே இல்லை. அந்த ஒற்றைக் காப்பைக் கழற்றியதும் இல்லை. விமான நிலையத்தில் கேட்டும் கழற்றவில்லை, வைத்தியசாலையில் கேட்டும் கழற்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை வேலை வேளைக்கே முடிந்தது. இல்லத்துக்குப் போனேன். அம்மா ஜன்னலோரம் தனியாக இருந்தார். கை வெறும் கையாக இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தோட்டத்துப் பாதையில், அந்த மனிதர் தோல் சப்பாத்துச் சத்தத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. பார்த்தீர்களா என்று ஊருக்கே கூவவேண்டும் போல இருந்தது. பொய் சொல்லமாட்டேன், கோபத்தோடு கொஞ்சம் திருப்தியும் வந்தது. ஓடிப்போய் மறித்தேன்.

"பைக்குள் என்ன?"

அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்! சாதாரணமாக, அது மனிதர்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்று என்பதுபோல. முகத்தின் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, "வலது பை. நீயே எடு. மெதுவாக" என்றார்.

காப்பு என் கைக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது.

"கொடுத்தாள், வாங்கினேன்" என்றார்.

"கொடுத்தால் வாங்குவதா?"

"வேறென்ன செய்வது? காட்சி நடுவில் ஒருவர் ஒன்றை நீட்டினால் வாங்கவேண்டும். பார்க்காமல் பைக்குள் வைக்கவேண்டும். கையை இழுத்தால் காட்சி செத்துவிடும்."

"வாங்கிக்கொண்டு எங்கே போகிறாய்?"

"தோட்டத்தை ஒரு சுற்று. பிறகு வாசலில் அந்தப் பெண்ணிடம் கொடுப்பேன். படப்பிடிப்புப் பொருளை நடிகன் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. அதுவும் சட்டம்."

'அந்தப் பெண்' என்றது போஸ்னியாவில் இருந்து வந்த பராமரிப்புப் பணியாளரை. என் சத்தம் கேட்டு அவளே வெளியே வந்தாள். உண்மைதான் என்றாள். சில கிழமைகளாக ஒவ்வொரு பிற்பகலும் இது நடக்கிறதாம். அம்மா மெலிந்து போனதால் காப்பு தானாகக் கழன்று வருகிறது. அதை அவருக்குக் கொடுத்து அனுப்புகிறார். அவர் வந்து இவளிடம் கொடுக்கிறார். இவள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவுக்குக் கை கழுவிவிடுகிற சாட்டில், மறுபடி போட்டுவிடுகிறாள்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நிறுத்தச் சொல்வாய். நிறுத்தலாம், அது உன் உரிமை. ஆனால் அவர் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உன் அம்மா சாப்பிடுகிறாள். போகாவிட்டால் தட்டைத் தொடமாட்டாள்."

நான் நிறுத்தவில்லை. நம்பவும் இல்லை. இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறவர் நாளைக்கும் கொடுப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அடுத்த நாட்களில் வேலையில் நேரத்தை மாற்றிக்கொண்டு, ஜன்னலுக்குப் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றேன். நரைத்த தலையோடு ஒரு மனிதன் திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது எவ்வளவு கேவலம் என்று தெரியாமல் இல்லை. அங்கே நின்றுதான் முதன்முதலாக அவர்கள் கதைப்பதை முழுதாகக் கேட்டேன்.

"மோனை, இன்னும் வெளிக்கிடேல்லையே?" என்றார் அம்மா, புறப்பட நேரமாகிவிட்டது போல.

"குதிரைகள் தயார். விடியமுன் ஆற்றைக் கடந்துவிடுவோம்" என்றார் அவர், டெனிஷில்.

"ஆமி சந்தியிலை நிக்கிறான் எண்டு சொல்லினம்."

"ஷெரீஃபின் ஆட்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்."

"ஓம், அதைத்தானே நானும் சொல்லுறன்! இந்தா, இதைப் பிடி. வித்துப்போட்டு ஏஜென்சிக்காரனிட்டைக் குடு. வேண்டாமெண்டு சொல்லாதை ராசா. பெரியவன், நீ சொல்வழி கேக்கிற பிள்ளை."

பெரியவன் என்பது அண்ணை. என்னைச் சின்னவன் என்பார்.

அவர் கையை நீட்டி வாங்கினார், பார்க்காமல் பைக்குள் வைத்தார், எழுந்தார். அம்மா அவருடைய மற்றக் கையை விடவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் அம்மாவின் உதட்டைப் பார்த்தார். பிறகு, அம்மாவின் வாயிலிருந்து பிடித்துக்கொண்டதை, நாக்கு ஒவ்வொரு எழுத்திலும் இடறி விழ, தமிழில் சொன்னார்: "போட்டு வாறன்."

"போட்டு வா மோனை" என்று அம்மா கையை விட்டார்.

எண்பது தாண்டிய கிழவன் ஒருவனை இருபத்திரண்டு வயது மகன் என்று அம்மா நினைத்ததல்ல என்னை உலுக்கியது. மறதி அப்படித்தான். அத்தனை வருடங்களாக வாயே திறக்காமல் அம்மா இதை உள்ளே வைத்திருந்தார் என்பதுதான். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது, மற்றக் காப்பில் வந்து இறங்கியவன் நான்.

தோட்டத்தில் அவரோடு சேர்ந்து நடந்தேன். அம்மா என்ன சொன்னார் என்று டெனிஷில் சொன்னேன். அவர் நின்று கேட்டார்.

"சாகச் சொல்கிறாளோ என்று நினைத்தேன்" என்றார். "படத்தில் யாராவது என் கையைப் பிடித்து ஏதாவது கொடுத்தால் அடுத்த காட்சியில் செத்துவிடுவேன். ஒரு படத்திலும் உயிரோடு வெளியே போனதில்லை. இவள்தான் என்னை அனுப்பிவைக்கிறாள்."

பிறகு, அதிகமாகப் பேசிவிட்டவர் போல, தொழிலுக்குப் போனார். "ஒன்று மட்டும் கவனம். வெளியேறுகிறவன் கதவைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் முதலிலிருந்து மறுபடி எடுக்கவேண்டும்."

நான் இளகிப்போனேன் என்று நினைக்கவேண்டாம். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை, அவர் தோட்டத்தைச் சுற்றி வாசலுக்கு வரும்வரை காருக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். காப்பை வாங்கி எடை பார்த்துக்கூட இருக்கிறேன். குணம் போகுமா?

குளிர் விட்ட ஒரு காலையில் அவர் இறந்தார். ஜன்னலோரக் கதிரையில், கோப்பிக் கோப்பை கையில் இருக்க, மேசைமேல் சரிந்தபடி. கோப்பி சிந்தவில்லை. எதிரே இருந்த கிழவி ஒருத்தி கைதட்டினாளாம்.

அடக்கத்துக்குப் போனேன். போனதற்குப் பாதிக் காரணம் மரியாதை, மீதி என்னவென்று உங்களுக்குத் தெரியும். சினிமாக்காரர் எவரும் வரவில்லை. ஒரு மருமகள் முறைப் பெண் மட்டும் வந்திருந்தாள்.

"சினிமாவா?" என்றாள். "சின்ன வயதில் இரண்டு மூன்று வருடம் ஆள் காணாமல் போனார். சிறையில் இருந்தார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். வந்த பிறகு கடைசிவரை பன்றி ஏற்றும் லொறிதான் ஓட்டினார்."

"அந்தத் தழும்பு?"

"சைக்கிளில் இருந்து விழுந்தது."

நான்காவது கதை. இதையும் நான் நம்பவில்லை. அந்த வசனங்களை ஒரு பன்றி லொறிக்காரர் எங்கே பாடம் பண்ணியிருப்பார்?

அதை ஆராய நேரம் இருக்கவில்லை. அவர் இறந்த நாளிலிருந்து அம்மா ஜன்னலோரத்தில் காப்பைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தார். சாப்பிடவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் தாதி மறுபடி வைத்தியசாலைப் பேச்சை எடுத்தாள். நான் சோறு கொண்டுபோய், "அம்மா, நான் சின்னவன் வந்திருக்கிறன்" என்றேன். "நீ வந்திட்டாய். அவன் இன்னும் வெளிக்கிடேல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போஸ்னியாக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த மனிதரின் காலிக் கதிரையைப் பார்த்தாள்.

சாப்பாட்டுப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனேன். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடிக் கதவால் உள்ளே வந்து, அந்த மனிதரின் கதிரையில் உட்கார்ந்து, இடது கன்னத்தைக் காட்டினேன்.

அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பார்வை. எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆர் நீ?"

தமிழில் பதில் சொன்னால் சின்னவன் ஆகிவிடுவேன். "குதிரைகள் தயார்" என்றேன் டெனிஷில். "விடியமுன் ஆற்றைக் கடந்துவிடுவோம்."

அம்மா யோசித்தார். நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எத்தினை தரம் சொல்லுறது வெளிக்கிடு எண்டு?" என்று காப்பை நீட்டினார். வாங்கினேன். பார்க்காமல் பைக்குள் வைத்தேன். எழுந்தபோது என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார்.

"சின்னவன் அங்கை டென்மார்க்கிலை தனிய நிக்கிறான். அவனட்டைப் போ. அவன் ஒருத்தரையும் நம்பமாட்டான், பாவம். நீ கூட இருந்தா இருப்பான்."

அந்த மனிதரைப் போல நாக்கை இடறவைத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. என்னுடைய குரலிலேயே வந்துவிட்டது.

"போட்டு வாறன் அம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "போட்டு வா ராசா" என்று கையை விட்டார்.

கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தேன். பின்னால் போஸ்னியாக்காரி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டிச் சத்தம். அம்மாதான் சாப்பிடுகிறாரா என்று பார்க்கவேண்டும், நானே பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஆனால் கதவைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முதலிலிருந்து மறுபடி எடுக்கவேண்டும் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.